மை காயும் முன்னே திருத்தலாமா?



நம் நாட்டின் கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தைப் புரட்டிப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால், நேராகப் பின்பக்கம் போய் இரண்டாவது அட்டவணையைப் பாருங்கள். யாரெல்லாம் சட்டப்படி இந்நாட்டுக் குடிமக்கள் என்று சொல்லும் இடம் அது. அங்கே இரண்டு காலங்கள் தனித்தனியாக இருக்கும். 1957 மெர்டேக்கா நாள் தொடங்கி 1962 அக்டோபருக்கு முன்பு வரை இந்த மண்ணில் பிறந்தவர் என்றால், ஒருசில விதிவிலக்குகள் தவிர, அவர் குடிமகன்தான். அப்பா யார், அம்மா யார், அவர்கள் கையில் என்ன நிற கார்டு என்ற கேள்வியே கிடையாது. அதற்குப் பிறகு பிறந்தவர் என்றால் கேள்வி ஆரம்பிக்கிறது. பெற்றோரில் ஒருவராவது குடிமகனா? இல்லையென்றால் நிரந்தரவாசியா?

அதாவது, 1962 செப்டம்பர் 30ஆம் தேதி இரவு ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைக்கு ஒரு சட்டம். மறுநாள் காலை பக்கத்துக் கட்டிலில் பிறந்த குழந்தைக்கு இன்னொரு சட்டம்.

நாடு சுதந்திரம் பெற்று அப்போது ஐந்து ஆண்டும் ஒரு மாதமும்தான் ஆகியிருந்தது. ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டத்தை இவ்வளவு சீக்கிரம் திருத்தலாமா? இந்தக் கேள்வியைச் சட்டக் கேள்வியாக மட்டும் பார்த்தால் பதில் ஒரே வரியில் முடிந்துவிடும். 159ஆவது பிரிவு திருத்தலாம் என்கிறது. மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்கிறது. அவ்வளவுதான். ஆனால் செய்யலாம் என்பது வேறு, செய்வது தர்மம் என்பது வேறு. இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது.

பொதுவாக இதில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி, “அரசியலமைப்பு என்பது புனிதம், கை வைக்கவே கூடாது” என்கும். இன்னொரு கட்சி, “மனுஷன் எழுதியதுதானே, வேண்டும்போது மாற்றிக்கொள்ளலாம்” என்கும். எனக்கு இரண்டும் ஒத்துவரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில், சீக்கிரம் திருத்துவது எப்போதுமே தவறு என்று சொல்ல முடியாது. அமெரிக்காவைப் பாருங்கள். அவர்களுடைய அரசியலமைப்பு 1789இல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஜூன் 8ஆம் தேதி ஜேம்ஸ் மேடிசன் எழுந்து திருத்தங்களை முன்மொழிந்துவிட்டார். பேச்சுரிமை, சமய உரிமை, நியாயமான விசாரணை எல்லாம் அந்தத் திருத்தங்களில்தான் வந்தன. 1791 டிசம்பர் 15இல் பத்துத் திருத்தங்கள் நிறைவேறின. மக்கள் ஏன் அவ்வளவு அவசரப்பட்டார்கள்? அரசியலமைப்பை ஏற்றுக்கொள்ளும்போதே பல மாநிலங்களில், “எங்கள் உரிமைகள் எங்கே எழுதியிருக்கிறது?” என்ற கேள்வி எழுந்தது. எழுதித் தருகிறோம் என்ற நம்பிக்கையில்தான் பலர் ஒத்துக்கொண்டார்கள். ஆக, அந்தச் சீக்கிரத் திருத்தம் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிய திருத்தம்.

இந்தியாவின் முதல் திருத்தம் நமக்கு இன்னும் நெருக்கமானது. ஏனென்றால் அதன் வேர் சென்னையில் இருக்கிறது. 1950 ஜனவரி 26இல் இந்திய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. சென்னை மாகாணத்தில் அப்போது கம்யூனல் ஜி.ஓ. என்ற ஆணை இருந்தது. கல்லூரியில் ஒவ்வொரு 14 இடத்துக்கும், பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, கிறிஸ்துவர்களுக்கும் ஆங்கிலோ இந்தியர்களுக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பங்கு பிரித்திருந்தார்கள். மருத்துவக் கல்லூரி சம்பந்தமாகச் செண்பகம் துரைராஜன் என்பவரும், பொறியியல் கல்லூரி இடத்துக்காக ஸ்ரீனிவாசன் என்பவரும் வழக்குப் போட்டார்கள். புதிய அரசியலமைப்பு சாதி பார்த்து இடம் மறுக்கக் கூடாது என்கிறதே, பிறகு இது எப்படி என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. சென்னை உயர்நீதிமன்றம் ஒத்துக்கொண்டது. 1951 ஏப்ரலில் உச்சநீதிமன்றமும் ஆணை செல்லாது என்றது.

சென்னை கொந்தளித்தது. பெரியார் போராட்டம் நடத்தினார். அவருடைய சமயக் கருத்துகளோடு நமக்கு உடன்பாடு இருக்கிறதோ இல்லையோ, தலைமுறை தலைமுறையாகப் பள்ளிக்கூட வாசலையே பார்க்காதவனைப் பார்த்து, “இனி எல்லாரும் சமம், வரிசையில் வந்து நில்” என்று சொன்னால் அது சமமா என்ற அந்தக் கேள்வி தர்மமான கேள்வி. 1951 ஜூன் 18இல் முதல் திருத்தம் வந்தது. சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கியவர்களுக்கு அரசு விசேஷ ஏற்பாடு செய்யலாம் என்று 15ஆவது பிரிவில் நான்காவது உட்பிரிவு சேர்ந்தது. அரசியலமைப்புக்கு அப்போது 17 மாதம்கூட முழுசாக நிறையவில்லை.

இதைத் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சமத்துவம் தருவோம் என்று எழுதியாகிவிட்டது. எழுதிய வார்த்தையே சமத்துவத்துக்குக் குறுக்கே நிற்கிறது என்று தெரிந்த பிறகு, பழைய புத்தகமாக ஆகட்டும், ஐம்பது வருஷம் போகட்டும் என்று காத்திருந்தால், காத்திருப்பவன் யார்? படிப்பு கிடைக்காதவன்தானே?

பொறியியல் படிக்கிறவர்களுக்கு இதை வேறு மாதிரி சொல்லலாம். கட்டடம் கட்டிச் சாவியைக் கொடுத்த பிறகு, டிஃபெக்ட் லயபிலிட்டி பீரியட் என்று ஒரு காலம் உண்டு. நம் நாட்டில் புது வீடு வாங்கினால் 24 மாதம். சுவரில் விரிசல், குளியலறையில் தண்ணீர் ஒழுகல் என்றால் கட்டியவர் வந்து சரிசெய்து கொடுக்க வேண்டும். அது வீட்டை மாற்றுவதல்ல. தருவதாகச் சொன்ன வீட்டைத் தருவது. சீக்கிரம் செய்தால்தான் அதற்கு மதிப்பு. வேரியேஷன் ஆர்டர் என்பது வேறு. அது வரைபடத்தையே மாற்றுவது. மூன்று அறை என்று விற்றுவிட்டு, குடியேறிய பிறகு வந்து, “ஒரு அறையை எடுத்துக்கொள்கிறோம்” என்றால்? அதை யாரும் டிஃபெக்ட் திருத்தம் என்று சொல்ல மாட்டோம். வீட்டுக்காரரைக் கேட்காமல் செய்யவும் விட மாட்டோம்.

என் கருத்து இதுதான். இளம் அரசியலமைப்பைத் திருத்துவது தர்மமா என்பதை அதன் வயதை வைத்துத் தீர்மானிக்க முடியாது. அந்தத் திருத்தம் கொடுத்த வாக்கை நிறைவேற்றுகிறதா, அல்லது வாக்கைப் பெற்றவன் கை நீட்டும் முன்பே அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இப்போது 1962க்கு வருவோம்.

மெர்டேக்கா அரசியலமைப்பை வரைந்தது ரீட் ஆணையம். தலைவர் லார்டு ரீட். பிரிட்டனிலிருந்து இன்னொருவர், ஆஸ்திரேலியா, இந்தியா, பாகிஸ்தானிலிருந்து ஒவ்வொருவர், ஆக ஐந்து பேர். மலாயாக்காரர் ஒருவர்கூட அதில் இல்லை. ஆனால் அவர்கள் தந்த அறிக்கையை இங்குள்ள கூட்டணிக் கட்சிகளும் மலாய் ஆட்சியாளர்களும் பிரிட்டிஷ் அரசும் உட்கார்ந்து பேசி, மாற்ற வேண்டியதை மாற்றித்தான் ஏற்றுக்கொண்டார்கள். குடியுரிமை அந்தப் பேச்சின் நடுப்புள்ளி. ஒவ்வொரு சமூகமும் ஒன்றை விட்டுக்கொடுத்து ஒன்றைப் பெற்றது. மலாயாவின் இந்தியர்களும் சீனர்களும் பெற்றவற்றில் முக்கியமானது, இனி இங்கே பிறக்கும் பிள்ளை இந்நாட்டுப் பிள்ளை என்பது.

அந்த வாக்கு 1962இல் சுருங்கியது. சுருக்கியவர்கள் சொன்ன காரணத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். வந்து போகிறவர், இந்த நாட்டோடு எந்த ஒட்டும் இல்லாதவர், இங்கே பிள்ளை பெற்றால் அந்தப் பிள்ளைக்கும் குடியுரிமையா என்று கேட்டார்கள். கேள்வி அபத்தமானதல்ல. உலகத்தில் பல நாடுகள் இப்படித்தான் சட்டம் வைத்திருக்கின்றன. பெரும்பான்மையும் முறைப்படிதான் கிடைத்தது. 1959 தேர்தலில் 104 இடங்களில் கூட்டணி 74 இடங்களை வென்றிருந்தது. மூன்றில் இரண்டு பங்குக்கு 70 போதும். ஈப்போ சீனிவாசகம் சகோதரர்கள் போன்ற திறமையான வழக்கறிஞர்கள் எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்தான். ஆனால் தடுக்கும் எண்ணிக்கை அந்த வரிசையில் இல்லை.

சரி, காரணமும் இருக்கிறது, பெரும்பான்மையும் இருக்கிறது, பிறகு என்ன பிரச்சினை என்று கேட்பீர்கள். இங்கேதான் எனக்கு மகாபலி ஞாபகம் வருகிறார்.

வாமனர் மூன்றடி மண் கேட்கிறார். மகாபலி தருகிறேன் என்று சொல்லிவிட்டார். நீர் வார்த்துத் தாரை ஊற்ற வேண்டியதுதான் பாக்கி. அப்போது குரு சுக்கிராச்சாரியார் தடுக்கிறார். வந்திருப்பது யார் தெரியுமா, கொடுத்தால் உன் அரசு போய்விடும் என்கிறார். கவனியுங்கள் நண்பர்களே, சுக்கிராச்சாரியார் சொன்னது பொய் இல்லை. வந்தவர் யார் என்று அவர் சரியாகவே கண்டுபிடித்தார். என்ன நடக்கும் என்பதையும் சரியாகவே சொன்னார். அரசாங்க ஆலோசகர் என்ற முறையில் அது நூற்றுக்கு நூறு சரியான ஆலோசனை. கமண்டலத்தின் மூக்கை வண்டாகப் போய் அடைத்தும் பார்த்தார், ஒரு கண்ணை இழந்தார். மகாபலி ஆலோசனையைக் கேட்டார், புரிந்துகொண்டார், ஆனாலும் கொடுத்தார். அசுர குலத்தில் பிறந்த ஒருவரை நாம் இன்றும் மரியாதையோடு நினைப்பது அதற்காகத்தான். வாக்குக் கொடுப்பதற்கு முன்னால் ஆயிரம் யோசிக்கலாம். கொடுத்த பிறகு, நீர் வார்ப்பதற்குள், புதுக் காரணம் கண்டுபிடித்து நிறுத்துவது வேறு ரகம்.

1957க்கு முன்னால், “பெற்றோரின் நிலையைப் பார்த்துத்தான் குடியுரிமை” என்று பேசி முடிவு செய்திருந்தால் அது ஒரு கொள்கை முடிவு. பிடிக்கிறதோ இல்லையோ, பேரத்தின் ஒரு பகுதி. ஐந்தே ஆண்டில் மாற்றியபோது அது பேரம் முடிந்த பிறகு செய்த வேரியேஷன் ஆர்டர். அதனால் பாதிக்கப்பட்டவர் யார்? 1962க்குப் பிறகு பிறக்கப் போகிற பிள்ளை. அந்தப் பிள்ளை நாடாளுமன்றத்தில் இல்லை. வாக்காளர் பட்டியலில் இல்லை. பெற்றோரும் பெரும்பாலும் பட்டியலில் இல்லை, ஏனென்றால் குடியுரிமை இல்லாத பெற்றோரின் பிள்ளைகளைத்தான் அந்தத் திருத்தம் தொட்டது. இதைவிடக் குரலற்றவர் யார் இருக்க முடியும்?

அதன் பலன் நம் சமூகத்துக்குத் தெரியும். 1960களின் இறுதியில், குடிமகன் அல்லாதவருக்கு வேலை பெர்மிட் என்ற விதி வந்தபோது, ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் ரஜூலா போன்ற கப்பல்களில் ஏறித் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள். பலர் இங்கேயே இருந்தார்கள். நம் ஜொகூரில் ரெங்கம், லாயாங்-லாயாங், குளுவாங் பக்கம் தோட்டங்களில் வாழ்ந்த குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரே வீட்டில் ஒருவருக்கு நீல அடையாளக் கார்டு, ஒருவருக்குச் சிவப்பு, ஒருவருக்கு ஒன்றுமே இல்லை என்ற கதை கிடைக்கும். எஸ்.பி.எம். டியூஷன் நடத்துகிற நம் கிளைகளுக்கும் இது புதிதல்ல. பரீட்சைப் பதிவுக்கு ஐசி நகல் கொண்டுவா என்றால், மறுநாளிலிருந்து வகுப்புக்கே வராத பிள்ளைகள் உண்டு. எல்லாவற்றுக்கும் 1962 மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. பதியாத பிறப்பு, பதியாத திருமணம், தொலைந்த பத்திரம் எல்லாம் சேர்ந்துதான் இந்த நிலை. ஆனால் 1957இல் எழுதியபடியே சட்டம் இருந்திருந்தால், இங்கே பிறந்ததற்கு ஆதாரம் இருந்தாலே போதும். அப்பா அம்மாவின் கார்டைத் தேடி அலைய வேண்டியதில்லை.

பக்கத்தில் இலங்கையில் இதைவிட வேகமாக நடந்தது. 1948 பிப்ரவரியில் சுதந்திரம். அதே ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் வந்து லட்சக்கணக்கான மலையகத் தமிழர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. அங்கே அரசியலமைப்பைத் திருத்தக்கூட வேண்டியிருக்கவில்லை. சாதாரணச் சட்டமே போதுமாக இருந்தது. ஒரு சமூகத்தைக் குறிவைத்துச் சட்டம் இயற்றக் கூடாது என்று அரசியலமைப்பில் 29ஆவது பிரிவு இருந்தும் அது அவர்களைக் காப்பாற்றவில்லை. கடைசிக் கட்டமாக 2003இல்தான் ஒரு சட்டம் வந்து மிச்சமிருந்தவர்களுக்கு வழி பிறந்தது. இடையில் 55 ஆண்டு! இளம் நாட்டில் முதல் சில ஆண்டுகளில் செய்கிற தவறு எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

இது ஏன் இப்படி நீடிக்கிறது? ஈரக் கான்கிரீட்டில் கால் வைப்பதற்கு ஒரு நொடி போதும். காய்ந்த பிறகு அந்தத் தடத்தை எடுக்க உடைக்க வேண்டும். பத்து வருஷம் கழித்து வருகிறவன், “தரையே இப்படித்தான் போட்டார்கள் போல” என்று நினைத்துக்கொண்டு நடப்பான். சீக்கிரத் திருத்தத்தின் பெரிய ஆபத்து அதுதான். அது திருத்தம் என்பதே மறந்துபோய், ஆதியிலிருந்தே இருந்ததாகத் தோன்றும். பல்கலைக்கழகத்தில் நாம் படிக்கிற அரசியலமைப்பு 1957இல் எழுதியது என்று நம்மில் எத்தனை பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம்?

இதற்கு இன்னொரு உதாரணம் 1960ஆம் ஆண்டுத் திருத்தம். அது அவசரகாலத்தைப் பற்றியது. 1957இல் எழுதியபடி, மாமன்னர் அவசரகாலப் பிரகடனம் செய்தால், நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஒப்புக்கொள்ளாவிட்டால் இரண்டு மாதத்தில் அது தானாகக் காலாவதியாகும். 1960 திருத்தம் இதைத் தலைகீழாக்கியது. இரு அவைகளும் ரத்து செய்தால்தான் முடியும், இல்லாவிட்டால் தொடரும். பார்ப்பதற்குச் சின்ன வார்த்தை மாற்றம். ஆனால் லிஃப்ட் பிரேக்கை யோசியுங்கள். கரண்ட் போனால் பிரேக் தானாகப் பிடிக்கும்படி வைத்திருக்கிறார்கள். விடுவிக்கத்தான் கரண்ட் வேண்டும். யாராவது அதை மாற்றி, பிடிப்பதற்குக் கரண்ட் வேண்டும் என்று ஆக்கினால், எல்லா நாளும் லிஃப்ட் ஒரே மாதிரிதான் ஓடும். கரண்ட் போகிற ஒரு நாளில்தான் வித்தியாசம் தெரியும். நமக்கு அந்த நாள் 1969இல் வந்தது. அப்போது செய்த பிரகடனம் 2011 வரை ரத்தாகவில்லை. 42 ஆண்டு! அந்தக் காலம் முழுக்கக் கலவரம் நடந்ததா? இல்லை. நிறுத்துவதற்கு யாரும் கை தூக்கவில்லை, அதனால் ஓடிக்கொண்டே இருந்தது. கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்காகப் போட்ட அவசரகாலம் 1960 ஜூலை 31இல் முடிந்தது. அமைதி திரும்பிய அதே ஆண்டில்தான் இந்தத் திருத்தமும் வந்தது என்பதையும் யோசித்துப் பார்க்க வேண்டும்.

இதுவரை படித்துவிட்டு ஒருவர் என்னை மடக்கலாம். “தம்பி, இந்தியாவின் முதல் திருத்தத்தை நல்ல திருத்தம் என்றாய். அதே திருத்தம் பேச்சுரிமையையும் குறைத்ததே?” என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். கிராஸ் ரோட்ஸ் என்ற வார இதழைச் சென்னை அரசாங்கம் தன் மாகாணத்துக்குள் விடாமல் தடை செய்தது. 1950இல் ரொமேஷ் தாப்பர் வழக்கில் உச்சநீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. உடனே முதல் திருத்தத்தில் பொது ஒழுங்கு என்ற காரணத்தையும் சேர்த்துப் பேச்சுரிமைக்கு வேலி போட்டார்கள். எதிர்ப்பு வந்த பிறகு, கட்டுப்பாடு நியாயமானதாக இருக்க வேண்டும் என்ற சொல்லாவது சேர்ந்தது. சியாமா பிரசாத் முகர்ஜி நாடாளுமன்றத்தில் கடுமையாக எதிர்த்தார். முதல் பொதுத்தேர்தலே அப்போது நடக்கவில்லை. மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்காத தற்காலிக நாடாளுமன்றம்தான் இதை நிறைவேற்றியது.

ஆமாம், ஒரே மசோதாவில் இரண்டும் இருந்தன. ஒரு கை வாக்கை நிறைவேற்றியது, இன்னொரு கை வாக்கைச் சுருக்கியது. அதனால்தான் ஒரு திருத்தத்தை மொத்தமாக நல்லது, கெட்டது என்று முத்திரை குத்தாமல், ஒவ்வொரு வரியாகக் கேள்வி கேட்க வேண்டும் என்கிறேன். அதுவும் தவிர, எல்லா அரசாங்கமும் தன் திருத்தத்தை டிஃபெக்ட் திருத்தம் என்றுதான் சொல்லும். வேரியேஷன் என்று யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். ஆகவே அவர்கள் சொல்லும் காரணத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் போதாது. யாருக்கு இழப்பு, அவர் குரல் அந்த அவையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 1951இல் இட ஒதுக்கீட்டுக்காகத் தெருவில் குரல் கொடுத்தவர்கள் அதனால் பயன்பெறுபவர்களே. 1962இல் இழந்தவர்கள் அப்போது பிறக்கவே இல்லை.

இன்னொரு அளவுகோலும் நம் கோயிலிலேயே இருக்கிறது. கும்பாபிஷேகத்துக்காகத் திருப்பணி நடக்கும்போது மூலஸ்தானத்தில் வேலை செய்ய வேண்டியிருக்கும். அதற்காகச் சாமியை வெளியில் நிறுத்திவிடுவதில்லை. முறைப்படி அனுமதி பெற்று, பாலாலயம் அமைத்து, அங்கே பூஜை ஒரு நாளும் நிற்காமல் நடக்கும். வேலை முடிந்த பிறகு மறுபடியும் கருவறைக்கு. திருத்தம் என்றால் அப்படி இருக்க வேண்டும். மாற்றம் நடக்கிற காலத்தில் நடுவில் மாட்டிக்கொள்கிறவனுக்கு நிற்க ஓர் இடம் வேண்டும்.

இதெல்லாம் பழைய கதை என்று நினைக்காதீர்கள். 2024இல் குடியுரிமைத் திருத்த மசோதா நம் நாடாளுமன்றத்துக்கு வந்தது. அதில் ஒரு பகுதி நீண்டகால அநியாயத்தைச் சரிசெய்தது. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு அப்பா மலேசியர் என்றால் குடியுரிமை கிடைக்கும், அம்மா மட்டும் மலேசியர் என்றால் தானாகக் கிடைக்காது என்றிருந்த நிலையை மாற்றியது. டிஃபெக்ட் திருத்தம் என்றால் அதுதான்! ஆனால் அதே மசோதாவில், இங்கே பிறக்கும் பிள்ளைக்கு நிரந்தரவாசிப் பெற்றோர் இருந்தால் போதும் என்று 1962இல் மிச்சம் வைத்ததையும் எடுத்துவிட்டார்கள். அதாவது சிவப்புக் கார்டு பெற்றோருக்கு இனி பிறக்கும் பிள்ளைக்குத் தானாகக் குடியுரிமை இல்லை. அக்டோபர் 17இல் 206 மக்களவை உறுப்பினர்கள் ஆதரித்து வாக்களித்தார்கள். முதலில் முன்மொழிந்தபோது இன்னும் இரண்டு இருந்தன. பெற்றோர் யாரென்று தெரியாமல் கண்டெடுக்கப்பட்ட குழந்தைக்கும், வேறெந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாமல் இங்கே பிறந்த குழந்தைக்கும் சட்டம் தந்திருந்த பாதுகாப்பைக் குறைக்கும் திருத்தங்கள் அவை. நம் அட்டவணையில் இருக்கும் பாலாலயமே அந்தப் பாதுகாப்புதான். பொது அமைப்புகளும் பாதிக்கப்பட்ட குடும்பங்களும் விடாமல் குரல் கொடுத்ததால், 2024 மார்ச்சில் அரசாங்கம் அந்த இரண்டையும் கைவிட்டது. குரல் இருந்த இடத்தில் வாக்கு காப்பாற்றப்பட்டது என்பதற்கு இது சாட்சி.

இளைஞர்கள் முன்மொழிந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் சாட்சி உண்டு. வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18 ஆக்க வேண்டும் என்று தர்மா பிள்ளை, கைரா யுஸ்ரி என்ற இரண்டு மாணவர்கள் தொடங்கிய உண்டி18 இயக்கம், 2019 ஜூலை 16இல் 211 உறுப்பினர்களின் ஆதரவோடு அரசியலமைப்புத் திருத்தமாக முடிந்தது. எதிர்த்து ஒரு வாக்குகூட இல்லை. நடைமுறைப்படுத்தத் தாமதம் ஆனபோது இளைஞர்கள் நீதிமன்றம் போனார்கள். 2021 டிசம்பர் 15இல் அது நடைமுறைக்கு வந்தது. அதன்படி 18 வயதினர் வாக்களித்த முதல் தேர்தல் நம் ஜொகூர் சட்டமன்றத் தேர்தல்தான், 2022 மார்ச் 12. நாட்டிலேயே முதன்முதலாக 18 வயதில் வாக்களிக்கும் வாய்ப்பைப் பெற்றவர்கள் நாம். அந்தத் தேர்தலில் மொத்தமே 55 விழுக்காட்டினர் அளவில்தான் வாக்களித்தார்கள் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். கொடுத்த வாக்கை அரசு காப்பாற்ற வேண்டும் என்று கேட்கிற நாம், கிடைத்த வாக்கைப் பயன்படுத்தவும் வேண்டும், இல்லீங்களா?

ஆகவே இனி ஒரு திருத்த மசோதா வரும்போது, கட்சி பார்த்துக் கைதட்டுவதற்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். இது கொடுத்த வாக்கை நிறைவேற்றுகிறதா, திரும்ப எடுக்கிறதா? இழப்பவர் யார், அவர் சார்பில் அங்கே பேச ஆள் உண்டா? நடுவில் மாட்டிக்கொள்கிறவருக்குப் பாலாலயம் உண்டா? இந்த மூன்றுக்கும் நல்ல பதில் இருந்தால், அரசியலமைப்புக்கு வயது ஒன்றானாலும் திருத்துங்கள். பதில் இல்லையென்றால், வயது நூறானாலும் தொடாதீர்கள்.

நம் கிளைகள் நாளைக்கே செய்யக்கூடிய வேலையும் ஒன்று இருக்கிறது. கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதும், பதிவு பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இன்னும் சில குடும்பங்கள் இருக்கின்றன. பதிவில்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைக்குச் சட்டம் அம்மாவின் நிலையைத்தான் பார்க்கும். அம்மாவுக்குக் குடியுரிமை இல்லை என்றால், அப்பாவின் நீலக் கார்டு அந்தப் பிள்ளைக்கு உதவாது. உங்கள் தேவார வகுப்பிலோ டியூஷனிலோ அப்படி ஒரு பிள்ளை இருந்தால், பெற்றோரிடம் பக்குவமாகப் பேசுங்கள். பிறப்புப் பத்திரம் இருக்கிறதா, திருமணம் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். தேசியப் பதிவிலாகாவுக்குக் கூடவே போய் வாருங்கள். பாரம் நிரப்பத் தெரியாத தாத்தா பாட்டிக்கு உட்கார்ந்து நிரப்பிக் கொடுங்கள். சட்டம் மாறும்வரை அந்தப் பிள்ளை காத்திருக்க முடியாது. அடுத்த ஆண்டு அதற்குப் பரீட்சை.